நுரை

ஜனவரி 12
இறால் குஞ்சுப் பண்ணை

ஊமைக்கோட்டான் அக்காவுக்கு,

வாயாடி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், தலைமுடி எல்லாம் உப்பு. நீ எப்படி இருக்கிறாய்? அப்பாவின் கால் புண் ஆறிவிட்டதா? புதுச் செருப்பு கடித்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அவர் சிரித்தது கண்ணிலேயே நிற்கிறது. சர்க்கரை உடம்பு, சிரித்தால் ஆறாது என்று நான் சொன்னதாகச் சொல்.

போன் இல்லையா என்று கேட்பாய். பண்ணைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வெளியே நின்றாலும் சிக்னல் கிடையாது. அதைவிட, உன் போனை அத்தான் தினமும் எடுத்துப் பார்ப்பார் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதானே. அதனால் உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். வேதியியல் ஆய்வகப் பொறுப்பாளருக்கு வரும் கடிதத்தை யார் பிரிக்கப் போகிறார்கள்? இங்கே தீவன லாரி ஓட்டுநர் வாரம் ஒருமுறை டவுனில் தபால் போட்டுவிடுகிறார்.

வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பதினாறு தொட்டிகளிலிருந்தும் தொட்டிக்கொரு குப்பி தண்ணீர் எடுத்து, அதில் எத்தனை கிருமி என்று எண்ண வேண்டும். இறால் குஞ்சு கண் இமை முடியில் பாதி இருக்கும். கிருமி ஏறிவிட்டால் ஒரே நாளில் மொத்தமும் செத்துத் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆறு வருஷம் கடல் பாக்டீரியாவோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது ஒன்றாம் வாய்ப்பாடு. "ஆய்வு ஏட்டில் பொய் எழுதியவள்" என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்டவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

பொய்! மிதவைக் கயிற்றில் படிந்திருந்த பழுப்பு வழவழப்பைச் சுரண்டி எடுத்து வந்தவள் நான். அதிலிருந்த பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்தபோது, அதைச் சுற்றி வேறு எந்தக் கிருமியும் அண்டாத சுத்தமான வட்டம் விழுந்ததைப் பார்த்தவள் நான். அது சுரக்கும் நொதிதான் மற்ற கிருமிகளைக் கொல்கிறது என்று பிரித்துக் காட்டியவளும் நான். கட்டுரையில் பெயர் மட்டும் ஆய்வகத் தலைவரான அத்தானுடையது. ஆய்வகத்தில் எல்லோரும் அவரை மைக் என்போம். எங்கே மைக் இருந்தாலும் அவர் கைதான் முதலில் போகும்.

இரத்தம் கலந்த தட்டுகளில் மட்டும் அந்த வட்டம் விழவில்லை. பதினொரு தடவை போட்டேன், பதினொரு தடவையும் விழவில்லை. விழவில்லை என்று எழுதினேன். பெயர் போடாத வயிற்றெரிச்சலில் தோல்விகளை ஜோடித்தேன் என்று விசாரணைக் குழுவிடம் சொல்லி, அத்தான் என்னை வெளியே தள்ளினார்.

அன்றைக்கு நீ விசாரணை அறைக்கு வெளியே, நடையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அந்த ஏட்டை உன் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் தினமும் எழுதினேன். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகட்டும், பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அத்தானை விடுகிற உத்தேசம் எனக்கு இல்லை. இதை மட்டும் தெரிந்துகொள்.

அப்பாவுக்கு என் அன்பு.

வாயாடி

*

ஜனவரி 30
பள்ளி ஆய்வகம்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். நீ தலைக்கு நல்ல தண்ணீரில் குளி.

அப்பாவின் புண் ஆறி வருகிறது. முதலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு நாணயம் அளவு இருந்தது, இப்போது பட்டாணி அளவுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையும் களிம்பும் வேலை செய்கின்றன. வாராவாரம் காலடியில் மஞ்சள் துண்டை விரித்துப் படம் எடுத்து டாக்டருக்குக் காட்டுகிறேன். "முப்பது வருஷம் பஸ்ஸுல பிரேக் மிதிச்ச கால், இதுக்கெல்லாம் அசையாது" என்கிறார் அப்பா.

உன் அத்தானைப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்தார்கள். அந்த நொதியைப் புண்ணுக்கு மருந்தாக்கப் போகிறார்களாம். மே மாதம் பெரிய அறிமுக விழா.

நடை நாற்காலி விஷயம் எனக்கும் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

பிப்ரவரி 17
பண்ணை

அக்காவுக்கு,

சுகமா? நான் ஏகபோக சுகம். ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை தாய் இறாலைத் தொட்டி மாற்றும்போது அதன் தலைமுள் என் விரலில் ஏறிவிட்டது. இரத்தம் சொட்டியது. மேலாளர் முதலுதவிப் பெட்டியை எடுத்து வந்து மருந்தை ஊற்றினார். "வலிக்குதாம்மா?" என்றார். நான் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பாவம் மனுஷன், எனக்கு விஷம் தலைக்கேறிவிட்டது என்று பயந்துபோனார்.

அந்தப் பதினொரு தட்டுகளில் ஏன் வட்டம் விழவில்லை என்று அப்போது தெரிந்துவிட்டது அக்கா. அன்று சாயங்காலமே சோதித்துப் பார்த்தேன், கல்லுப் போல நிற்கிறது. மைக்கின் மொத்தக் கோட்டையையும் சரிக்க ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை இங்கே எழுதினால் உனக்கே விளங்கிவிடும், நீ குப்பிகளோடு பழகுகிறவள். அதனால்தான் எழுதவில்லை. உனக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? தானே கண்டுபிடித்த மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு திருத்திக்கொள்வார். கூடாது. ஏறட்டும். மே மாதம் மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, கைதட்டல் வாங்கி நிற்கட்டும். அன்று காலை கம்பெனிக்காரர் ஒவ்வொருவர் கையிலும் என் கடிதம் இருக்கும். என்னை அவர் பின்வாசல் வழியாக அனுப்பினார். அவரை நான் முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க அனுப்புவேன்.

அதுவரை அந்த மருந்தை நம்பி எவர் எக்கேடு கெட்டாலும் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. எழுதி வைத்துக்கொள். மருந்து ஒரு மனுஷ உடம்பைத் தொட இன்னும் இரண்டு வருஷ அனுமதிக் காகிதம் பாக்கி இருக்கிறது, யாரும் கெடப் போவதில்லை. கெட்டாலும் எனக்கு என்ன?

அப்பாவின் பட்டாணி கடுகு ஆகிவிட்டதா?

வாயாடி

*

மார்ச் 6
பள்ளி ஆய்வகம்

அன்புள்ள வாயாடிக்கு,

விரல் எப்படி இருக்கிறது? கட்டை நனைக்காமல் பார்த்துக்கொள்.

அப்பா நலம். புண் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. பழைய மருந்தை நிறுத்திவிட்டு வேறு மருந்து போடுகிறோம். டாக்டரிடம் போவதில்லை, உன் அத்தானே பார்த்துக்கொள்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ சொன்ன அந்தச் சொல் என்னவென்று சொல்ல வேண்டாம். அந்த மருந்து கெடுதல் செய்யுமா, இல்லை சும்மா வேலை செய்யாதா? இதற்கு மட்டும் பதில் எழுது. சீக்கிரம் எழுது.

மஞ்சள் துண்டு கிழிந்துவிட்டது, நீலத் துண்டு வாங்கினேன். வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

மார்ச் 15
பண்ணை

மைக்கின் மனைவிக்கு,

அவர் சொல்லச் சொல்ல எழுதினாயா, இல்லை அவரே எழுதி நீ கையெழுத்து மட்டும் போட்டாயா? "சீக்கிரம் எழுது." இத்தனை வருஷமாக எதற்கும் அவசரப்படாத என் அக்காவுக்கு இந்த மருந்து விஷயத்தில் மட்டும் எப்படி அவசரம் வந்தது?

விசாரணை அறைக்கு வெளியே வாய் திறக்காதவள், இப்போது அவருக்காக என் வாயைக் கிளறப் பார்க்கிறாய். நல்ல குடும்பம்! போய்ச் சொல், வாயாடி வாயைத் தைத்துக்கொண்டாள் என்று.

கெடுதலா, வேலை செய்யாதா என்றால், மே மாதம் வரைக்கும் யோசித்துக்கொண்டே இருக்கட்டும். தூக்கம் கெட்டால் இன்னும் விசேஷம்.

இங்கே மூன்றாம் தொட்டி முழுக்கப் போய்விட்டது. காற்றுக் குழாயின் உட்புறத்தில் கிருமி படிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. என்னைத் தவிர எல்லோரும் அழுதார்கள்.

அப்பாவை மட்டும் விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரிக்கவில்லை.

தங்கை

*

ஏப்ரல் 9
பண்ணை

அக்கா,

மார்ச் கடைசியில் ஒன்று, போன வாரம் ஒன்று. இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. லாரிக்காரர் வந்தவுடன் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். "உங்க வீட்டுல யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று கேலி பண்ணுகிறார்.

கோபத்தில் அப்படி எழுதிவிட்டேன். மைக்கின் மனைவி என்று எழுதியது தப்புதான். சண்டை போடு, திட்டு, நாலு வரி எழுது. அப்பாவின் கால் எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது எழுது. வேறு மருந்து என்றாயே, அது என்ன மருந்து? நான் அதைக் கேட்கவே இல்லை என்று நேற்றுத்தான் உறைத்தது.

வாயாடி

*

ஏப்ரல் 24
பள்ளி ஆய்வகம்

தங்கைக்கு,

நான் நலம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். மார்ச் 29-ஆம் தேதி வலது காலில் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

நீ கேட்ட வேறு மருந்து உன் அத்தானுடையது. பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரு பழுப்புக் குப்பியில் கொண்டுவந்தார். "மாமா, இது இன்னும் வெளியில வராத மருந்து. உங்களுக்குத்தான் முதல்ல" என்றார். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார், இரண்டையும் சேர்த்தால் எது வேலை செய்தது என்று தெரியாதாம். காயம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆறி வந்த தோலைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் ஊற்றினார். பிறகு தினமும் இரண்டு வேளை நான் ஊற்றினேன். பஞ்சில் நனைத்து, என் கையால். இருபத்திமூன்று நாள்.

மார்ச் 6-ஆம் தேதி உன்னைக் கேட்டபோது புண்ணின் ஓரம் சாம்பல் நிறமாகியிருந்தது. அப்பாவுக்குப் போடுகிறோம் என்று எழுதியிருந்தால் நீ சொல்லியிருப்பாய், தெரியும். "உன் தங்கச்சி காதுக்கு இது போகக் கூடாது" என்று அவர் சொல்லியிருந்தார். நானும் எழுதவில்லை. பயந்தவளுக்குப் பழக்கம் அப்படி. உன் பதில் 19-ஆம் தேதி வந்தது. படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் மறுபடியும் ஊற்றினேன். 22-ஆம் தேதி அப்பாவுக்குக் காய்ச்சலில் பேச்சு குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சர்க்கரைதான் காரணம் என்று உன் அத்தான் எல்லோரிடமும் சொல்கிறார். அப்பாவும் அப்படித்தான் நம்புகிறார்.

இப்போது அந்தச் சொல்லை எழுது.

அக்கா

*

ஏப்ரல் 29
பண்ணை

அக்கா,

நுரை.

அதுதான் அந்தச் சொல். என் விரலில் மேலாளர் ஊற்றியது ஹைட்ரஜன் பெராக்சைடு, எல்லா முதலுதவிப் பெட்டியிலும் இருக்கிற, காயத்தில் பட்டால் நுரைக்கிற மருந்து. அது கிருமியைக் கொல்லும். ஆனால் இரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள் அதை நொடியில் உடைத்துத் தண்ணீரும் காற்றுமாக ஆக்கிவிடும். அந்தக் காற்றுதான் நுரை. நுரைத்து முடிந்தால் மிஞ்சுவது வெறும் தண்ணீர்.

நம் நொதி தானாக எதையும் கொல்லவில்லை அக்கா. தட்டில் பாக்டீரியாவுக்குப் போடும் உணவில் லைசின் என்ற சத்து இருக்கும். அதைத் தின்று இந்தப் பெராக்சைடைத்தான் கக்குகிறது. அதனால்தான் உணவுத் தட்டில் அழகாக வட்டம் விழுந்தது. இரத்தத் தட்டில் கக்கக் கக்க உடைந்துபோனது, வட்டம் விழவில்லை. சுத்தமான தட்டில் மட்டுமே பார்த்துப் பார்த்துப் பழகிய நாங்கள், இரத்தத் தட்டு தோற்றால் தட்டில்தான் கோளாறு என்றே நினைத்தோம். நானே பதினொரு தடவை அப்படித்தான் நினைத்தேன்.

அப்பாவின் புண்ணில் ஊற்றியபோது நுரைத்ததா? நுரைத்திருக்கும். அந்தக் குப்பியில் உணவையும் சேர்த்துத்தான் வைத்திருப்பார். நுரையைப் பார்த்து "பாரு, கிருமி சாகுது" என்று சொல்லியிருப்பார். மருந்து செத்துக்கொண்டிருந்தது. நான் பிப்ரவரியில் அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால், முதல் நாளே பஞ்சைக் கீழே போட்டிருப்பாய். உருளைக்கிழங்குத் துண்டைப் பெராக்சைடில் போட்டு நுரைக்க வைத்து வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நீ.

என்னால் எதுவும் சாப்பிட முடியவில்லை. நாளைக்கே கிளம்பி வருகிறேன். அந்த ஆளின் சட்டையைப் பிடித்துத் தெருவில் இழுத்து வருகிறேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கம்பெனிக்கு இப்போதே எழுதட்டுமா?

வாயாடி

*

மே 4
பள்ளி ஆய்வகம்

தங்கைக்கு,

ஆமாம், நுரைத்தது. நீ எழுதிய அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்.

வராதே. கம்பெனிக்கும் எழுதாதே. நீ எழுதினால் வெளியே துரத்தப்பட்டவளின் வயிற்றெரிச்சல் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

விழா மே 16. அழைப்பிதழோடு ஒரு சிறு புத்தகம் அச்சடித்திருக்கிறார்கள். அதில் அப்பாவின் கால் இருக்கிறது, பெயர் போடாமல், இரண்டு படம். "மருந்துக்கு முன்" என்ற படத்தில் கால் நீலத் துண்டின்மேல். "மருந்துக்குப் பின்" என்ற படத்தில் மஞ்சள் துண்டின்மேல், பட்டாணி அளவு. என் போனிலிருந்து எடுத்திருக்கிறார். துண்டைக் கவனிக்கவில்லை. வீட்டில் எந்தத் துண்டு எப்போது வாங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் யாருக்கும் பயப்படவில்லை என்பது ஒரு வாரமாகத்தான் தெரிகிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டு வைக்கிறேன். அன்றைக்கு எந்தச் சட்டை என்று கேட்டார். வெள்ளைதான் எடுப்பாக இருக்கும் என்றேன்.

ஏறட்டும் என்று நீதான் எழுதினாய். அது நல்ல யோசனை.

அக்கா

*

மே 20
பள்ளி ஆய்வகம்

தங்கைக்கு,

அப்பா சுகம். புண் காய்ந்துவிட்டது. ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கிறார். நீ சாப்பிடுகிறாயா?

விழா நடந்ததைக் கேள். "மாமாவை வீட்லயே விட்டுட்டு வா, கூட்டம் அதிகம்" என்றார் உன் அத்தான். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் கார் தெருமுனை திரும்பியதும் அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வாடகை வண்டியில் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை விழா என்று அப்பா சவரம் பண்ணி, ஒரு காலில் மட்டும் பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டார். நான் அவருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினேன்.

வெள்ளைச் சட்டை எடுப்பாகத்தான் இருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். கடலுக்குள் தானே மூழ்கி எடுத்து வந்த மாதிரி மிதவைக் கயிற்றைப் பற்றிச் சொன்னார். பிறகு திரையில் கால் வந்தது, சுவர் அளவுக்கு. "இந்த நோயாளி இன்று முழுமையாகக் குணமடைந்து நடமாடுகிறார்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா கை தூக்கினார்.

"அது என் கால்."

யாரோ சிரித்தார்கள். கம்பெனித் தலைவி திரும்பிப் பார்த்தார். நரைத்த தலை, காதில் கருவி. "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். அப்பா பஸ்ஸில் பின்சீட்டுக்காரருக்குக் கேட்கிற குரலில் மறுபடியும் சொன்னார். "படத்துல இருக்குற கால் என்னுதும்மா. அதுல அஞ்சு விரல் இருக்கு. இதுல மூணுதான் இருக்கு." போர்வையை விலக்கிக் காட்டினார்.

உன் அத்தான் மைக்கில், "மாமாவுக்கு சர்க்கரை, கொஞ்சம் குழப்பம்..." என்று ஆரம்பித்தார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். என் போனில் படங்களின் தேதியைத் தலைவியிடம் காட்டினேன். மஞ்சள் துண்டு ஜனவரி, நீலத் துண்டு மார்ச். பிறகு பையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்றில் மருந்துக்கடைப் பெராக்சைடு. இன்னொன்றில் வீட்டுப் பழுப்புக் குப்பியில் மிஞ்சியிருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டேன்.

இரண்டும் நுரைத்தன. கடைச் சரக்கு டம்ளர் வழிய நுரைத்தது, அவருடையது பாதி டம்ளர்தான். வீரியம்கூடக் குறைவு.

"ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க செய்யுற சோதனை இது. கிழங்கு செஞ்சதை இரத்தமும் செய்யும். இரத்தம் இல்லாத புண்ணு எங்கயாவது இருக்கா?" என்றேன். அந்த மண்டபத்தில் நான் பேசியது அவ்வளவுதான். இரத்தத் தட்டுகளில் மருந்து தோற்றது என்று யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று தலைவி கேட்டார். வீட்டு அலமாரியில் நீ விட்டுப்போயிருந்த உன் ஏட்டை எடுத்து வந்திருந்தேன். பதினொரு பக்கத்திலும் அடையாளக் காகிதம் வைத்திருந்தேன். விரித்துக் கொடுத்தேன்.

உன் அத்தான் மைக்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். எனக்கு அது போதவில்லை வாயாடி, உண்மையைச் சொல்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினார். "என்னை அழிக்கணும்னு எத்தனை நாளா காத்திருந்த?"

"இருபத்திமூணு நாள் தடவினேன். அதுலேருந்து நீங்களே எண்ணிக்கோங்க" என்றேன். இஸ்திரி போட்ட சட்டைகளை ஏற்கெனவே பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணை அதே அறையில்தான் நடக்கப் போகிறது. இந்தத் தடவை நான் நடையில் உட்காரப் போவதில்லை.

அவசரமாகக் கூடிய பழைய விசாரணைக் குழு உனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் ஏடு சரி, பழைய முடிவு ரத்து, திரும்ப வேலைக்கு வரலாம் என்கிறார்கள். நீ கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அவர் முன்வாசல் வழியாகத்தான் போனார், எல்லோரும் பார்த்தார்கள்.

இனி நம் கணக்கு.

அப்பா அந்த மருந்துக்கு எப்படிச் சம்மதித்தார் என்று நீ கேட்கவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம் என்று முதலில் பிடிவாதமாகத்தான் இருந்தார். உன் அத்தான் வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: "இது சின்னவ கண்டுபிடிச்சதுதானே?" ஆமாம் என்றேன். "அப்ப போடு" என்று காலை நீட்டினார். இருபத்திமூன்று நாளும், நான் பஞ்சை எடுக்கும்போதெல்லாம், "சின்னவ மருந்து" என்றுதான் சொன்னார். வலிக்கிறதா என்று கேட்டால், அவளிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவாள் என்பார்.

நேற்று என்னிடம் கேட்டார், "சின்னவளுக்கு இது முன்னாடியே தெரியாதில்ல?" நான் அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

உன் பிப்ரவரி 17-ஆம் தேதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. "எவர் எக்கேடு கெட்டாலும்" என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாயே, எழுத வேண்டிய வேலையே இல்லை, உன் கையெழுத்திலேயே இருக்கிறது. வாழ்நாள் முழுக்க வாயை மூடாதவள், மூடக் கூடாத ஒரு மாதம் மூடினாய். அதை நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டப் போவதில்லை. கிழிக்கவும் மாட்டேன். நீ வா. அவர் காலுக்குப் பக்கத்தில் உட்கார். நீயே வாய்விட்டுப் படி.

அக்கா

*

மே 26
பண்ணை

அக்காவுக்கு,

சனிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். குழுவின் கடிதத்தை இன்னும் படிக்கவில்லை.

என் பிப்ரவரி 17-ஆம் தேதிக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வை. மார்ச் 15-ஆம் தேதி எழுதியதையும் வை, அதை விட்டுவிடாதே. நான் படித்து முடித்ததும், நீ எனக்கு எழுதாமல் விட்டதை நீ சொல். அப்பா இரண்டையும் ஒரே நாளில் கேட்கட்டும்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வை. பாதியில் எனக்குக் குரல் போய்விட்டால், மீதியை அவரே படித்துக்கொள்வார்.

வாயாடி